வாங்கியவர் யார்?

மேக் ஆப் ஸ்டோருக்காக வாதாடுபவர்கள் இரண்டு செயலிகளின் பெயரைத் தவறாமல் சொல்கிறார்கள்: உரைத் திருத்தியான பிபிஎடிட், கோப்புப் பரிமாற்றத்துக்கான டிரான்ஸ்மிட். ஸ்டோரை விட்டு விலகிய இரண்டுமே திரும்பி வந்துவிட்டன. 2018-இல் ஆப்பிள் தன் டெவலப்பர் மாநாட்டு மேடையிலேயே அவை திரும்பி வரப்போவதைப் பெருமையாக அறிவித்தது. ஆகவே தனியாளாக மென்பொருள் எழுதி விற்பவரும் தயங்காமல் அங்கேயே கடை போடலாம் என்கிறார்கள். என் கணக்கில் இந்த இரண்டு பெயர்களும் சொல்வது அதற்கு நேர்மாறானது.

ஸ்டோரின் வசதிகளை மறுக்கவில்லை. பல நாட்டு வரிகளை ஆப்பிளே வசூலித்துக் கட்டிவிடுகிறது. அப்டேட் தானாகப் போய்ச் சேர்கிறது. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டாத டெவலப்பர்களுக்கு 2021 முதல் கமிஷன் 30 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைந்தது. செயலி எதையெல்லாம் தொடலாம் என்று வரம்பு கட்டும், 2012-இல் கட்டாயமான சாண்ட்பாக்ஸ் பல கருவிகளின் கையைக் கட்டிப்போட்டது என்றாலும், எல்லாச் செயலிகளுக்கும் அது தடை இல்லை.

என் ஆட்சேபம் வேறு. பல ஆண்டுகளாக நான் மாற்றிக்கொள்ளாதது. ஸ்டோரில் விற்பவருக்குத் தன்னிடம் வாங்கியவர் யாரென்றே தெரியாது. விற்பனை அறிக்கையைத் திறந்தால் நாடு, எண்ணிக்கை, தொகை இருக்கும். பெயரோ மின்னஞ்சலோ இருக்காது. பணத்தைத் திருப்பித் தருவதும் ஆப்பிள் கையில். செயலிக்குள்ளேயே மின்னஞ்சல் கேட்டு வாங்கலாமே என்பார்கள். கேட்கலாம், ஆனால் கொடுத்தால்தான் செயலி ஓடும் என்று நிபந்தனை போட ஸ்டோரின் விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை.

இதன் விலை என்னவென்று 2015 நவம்பரில் தெரிந்தது. ஆப்பிள் தரப்புப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதும், காசு கொடுத்து வாங்கிய செயலிகள் பலருடைய மேக்கில் திறக்க மறுத்தன. செயலி பழுதாகிவிட்டது, அழித்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள் என்றது திரையில் வந்த செய்தி. தவறு ஸ்டோருடையது, திட்டு வாங்கியவர் டெவலப்பர். "உங்கள் செயலிக்கு ஒன்றுமில்லை, இப்படிச் செய்யுங்கள்" என்று வாங்கியவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்ப அவரிடம் பட்டியல் இல்லை. அடுத்த மாதம் ஸ்கெட்ச் என்ற வடிவமைப்புச் செயலி ஸ்டோரிலிருந்து வெளியேறியது. அது சொன்ன காரணங்களில் ஒன்று, பழைய வாடிக்கையாளருக்குப் புதிய பதிப்பைச் சலுகை விலையில் தர ஸ்டோரில் வழியில்லை என்பது. ஆண்டுக்கணக்கில் கூட வந்தவரும் நேற்று வந்தவரும் அங்கே ஒன்றுதான்.

இனி அந்த இரண்டு பெயர்களுக்கு வருவோம். ஸ்டோருக்குத் திரும்பிய பிபிஎடிட்டும் டிரான்ஸ்மிட்டும் அங்கே சந்தாவாகவே வந்தன. ஒரே தடவை பணம் கட்டி வைத்துக்கொள்ளும் லைசன்ஸைத் தங்கள் சொந்தத் தளத்தில் தொடர்ந்து விற்றன. 1990-களிலிருந்து சேர்த்த வாடிக்கையாளர்கள் கையில் இருக்கும்போது ஸ்டோர் என்பது இன்னொரு கிளை, அவ்வளவுதான். முதல் செயலியோடு வருபவருக்கு அந்தப் பின்பலம் ஏது?

ஸ்டோரில் வாங்குவதே பாதுகாப்பு என்ற வாதமும் எப்போதோ வலுவிழந்துவிட்டது. 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா முதல், தளத்திலிருந்து நேரடியாக விற்கும் செயலியையும் ஆப்பிளுக்கு அனுப்பி, தீங்குநிரல் சோதனை முடித்து நோட்டரைஸ் செய்தாக வேண்டும். அதற்கான 99 டாலர் ஆண்டுக் கட்டணத்தை இரு வழியிலும் கட்டத்தான் வேண்டும். வரிக் கவலைக்குப் பேடில் போன்ற சேவைகள் இருக்கின்றன. விற்பனை ஒன்றுக்குச் சுமார் 5 விழுக்காடும் 50 சென்ட்டும் எடுத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கின்றன, வாங்கியவரின் மின்னஞ்சலையும் தருகின்றன.

2016 அக்டோபரில் டாஷ் என்ற செயலியை ஆப்பிள் ஸ்டோரிலிருந்து நீக்கியது. மதிப்புரைகளில் மோசடி என்பது குற்றச்சாட்டு, டெவலப்பர் மறுத்தார். யார் சொன்னது சரி என்பதை விட்டுவிடுவோம். அவர் தன் தளத்திலும் விற்றுவந்ததால் மேக் பதிப்பு பிழைத்தது. ஸ்டோரில் வாங்கியவர்களும் அந்தத் தளத்தின் லைசன்ஸுக்கு மாறிக்கொள்ள முடிந்தது. ஸ்டோரை மட்டுமே நம்பியிருந்தால் அன்றோடு வியாபாரம் முடிந்திருக்கும், அதை ஒருவருக்கும் எழுதித் தெரிவிக்கக்கூட முடியாமல்.