ஆறு நிமிடமும் ஒரே நிமிடம் அல்ல

இடைஞ்சல் இல்லாத 30 மீட்டர் நடைக்கூடம், இரு முனையிலும் ஒரு கூம்பு, ஒரு ஸ்டாப்வாட்ச், ஓரமாக ஒரு நாற்காலி. ஆறு நிமிட நடைச் சோதனைக்கு இவ்வளவு போதும். நோயாளி தன் வேகத்தில் நடக்கிறார். முடியாவிட்டால் நின்று இளைப்பாறலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. முடிவில் எத்தனை மீட்டர் என்று எழுதிக்கொள்கிறார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பக்கவாதம், பார்க்கின்சன் என்று நரம்பு நோயாளிகள் பலரின் நடையை இன்று இந்த ஓர் எண்ணை வைத்து எடை போடுகிறார்கள். அதற்கு நியாயம் உண்டு. ஆனால் களைப்பைப் பொறுத்தவரை இந்த எண் காட்டுவதைவிட மறைப்பதே அதிகம் என்பது என் கருத்து.

இந்தச் சோதனை நரம்பு நோய்க்காகப் பிறந்ததல்ல. 1976-இல் பிரிட்டனில் நாள்பட்ட மூச்சுக்குழாய் நோயாளிகளை 12 நிமிடம் நடக்கவிட்டு அளந்தார்கள். மூச்சு வாங்குகிறவருக்கு அது பெரும்பாடு. 1982-இல் 2, 6, 12 நிமிட நடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காலப்போக்கில் ஆறு நிமிடம் நிலைபெற்றது. 2002-இல் அமெரிக்க மார்பு நோயியல் சங்கம் அதற்கு விதிமுறை வகுத்தது. நரம்பு நோய்ப் பிரிவுக்கு வந்தபோது அது ஒரு பெரிய குறையைத் தீர்த்தது. அங்கே பழக்கத்தில் இருந்த 25 அடி நடை வெறும் 7.62 மீட்டர், பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்காக நரம்பியல் மருத்துவர் கர்ட்ஸ்கே 1983-இல் வெளியிட்ட இயலாமை அளவுகோலோ, ஓய்வின்றி 500 மீட்டர் நடக்க முடியுமா, கைத்தடியோடு 100 மீட்டர் முடியுமா என்று பார்க்கச் சொல்கிறது. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் யார் 500 மீட்டர் நடக்கவைத்துப் பார்க்கப்போகிறார்கள்? பெரும்பாலும் வாய்க்கணக்குதான். கண்ணெதிரே ஆறு நிமிடம் நடக்கவைப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

சிக்கல் கூட்டலில் இருக்கிறது. இருவர் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நிமிடத்துக்கு 60 மீட்டர் வீதம் சீராக நடந்து 360 மீட்டர் கடக்கிறார். மற்றவர் முதல் நிமிடம் 75, பிறகு 70, 63, 56, 50, கடைசியில் 46. இவருக்கும் 360தான். தாளில் இருவரும் ஒன்று. ஆனால் இரண்டாமவரின் கால் பாதி வழியிலேயே தளரத் தொடங்கிவிட்டது. வலது பாதம் தொங்கி, விரல் நுனி தரையைத் தட்டுகிறது. செருப்பு கழன்று கிடப்பதுகூடத் தெரியாமல் நடக்கிறார். இது சோம்பலோ மன பலவீனமோ அல்ல. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் மையலின் என்னும் காப்புறை சிதைந்த நரம்பிழையில் தூண்டல்கள் அடுத்தடுத்து ஓடும்போது கடத்தலே தடைபடுகிறது. உடல் சூடேறினால் இன்னும் மோசம். உடலை வருத்திய பின் இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் உத்தாஃப் 1890-லேயே எழுதிவைத்தார். குளிரூட்டிய நடைக்கூடத்தில் 360 மீட்டர் நடந்தவர் சித்திரை வெயிலில் பேருந்து நிறுத்தம் வரை போய்ச் சேர்வார் என்று எந்த எண்ணும் உறுதி சொல்லாது.

ஆறாவது நிமிடத் தூரம் முதல் நிமிடத்தைவிட எத்தனை சதவீதம் குறைந்தது என்று கணக்கிடும் முறை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆய்வுகளில் வந்திருக்கிறது. நல்ல முன்னேற்றம். மேலே சொன்ன இரண்டாமவருக்கு அது 39 சதவீத வீழ்ச்சி என்று காட்டிவிடும். இதிலும் ஒரு பொறி உண்டு. பல ஆண்டுகள் நோயோடு வாழ்ந்தவர் தன் உடம்பை அறிவார். தொடக்கத்திலிருந்தே அடக்கி, மெதுவாக நடப்பார். அவர் கணக்கில் வீழ்ச்சியே இராது. அதைப் பார்த்து ‘களைப்பு இல்லை’ என்று எழுதுவது பெரும் பிழை. பார்க்கின்சன் நோயாளிக்கு வேறு தொல்லை. கூடம் குறுகக் குறுகத் திரும்ப வேண்டிய தடவை கூடும்; திரும்பும் இடத்தில்தான் அவர் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

நம் வீடுகளில் ‘அசதியா இருக்கு’ என்பது வேறு, ‘கால் தளந்துபோச்சு’ என்பது வேறு. மருத்துவமும் உணரும் களைப்பையும் அளக்கக்கூடிய தளர்ச்சியையும் பிரித்தே பார்க்கிறது. முன்னதற்கு 1989-இல் வந்த ஒன்பது கேள்விப் பட்டியல் உண்டு; பின்னதற்கு நடை. இரண்டும் எப்போதும் கைகோத்து வருவதில்லை. ஒன்றை அளந்துவிட்டு மற்றதை மறுப்பது நோயாளியைப் பொய்யராக்குவது.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது மறுநாள். உலக சுகாதார நிறுவனம் நரம்பு நோய்களின் வரிசையில் வைத்திருக்கும் மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ் இதற்குச் சான்று. அந்த நோயின் முக்கிய அடையாளமே உழைத்த பிறகு, பல சமயம் ஒரு நாள் கழித்து, படுக்கையில் விழுவது. இந்த நோயாளிகள் 641 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து 2011-இல் வெளியான பேஸ் ஆய்வில், உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிய குழு ஓராண்டு முடிவில் ஆறு நிமிடத்தில் சராசரியாக 379 மீட்டர் நடந்தது. மற்றக் குழுக்களைவிடச் சற்று அதிகம். ஆறு நிமிடத்தோடு முடியும் அளவீடு, நடந்தவர் மறுநாள் எழுந்தாரா என்று கேட்பதில்லை. 2021-இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அந்தப் பயிற்சி முறையைப் பரிந்துரையிலிருந்து நீக்கியது.

சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. இவ்வளவு மலிவான, யாருக்கும் புரிகிற இன்னொரு கருவி நம்மிடம் இல்லை. பிசியோதெரபிஸ்டுகளிடம் கேட்பது சிறியது. மொத்தத்துக்கு ஒரு கட்டம் இருக்கும் தாளில் ஆறு கட்டம் போடுங்கள். எந்த நிமிடத்தில் பாதம் தொங்கியது என்று ஓரத்தில் எழுதுங்கள். அன்று என்ன வெயில், காலையா மாலையா என்பதையும் குறியுங்கள். மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்: ‘நேத்து நடந்தீங்களே, இன்னைக்கு எப்படி இருக்கீங்க?’