முப்பது போதும்

சென்னை விமான நிலையத்தின் 25-ஆம் ஓடுபாதையை நோக்கிக் கடல் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். சாந்தோம் போயிற்று, அடையாறு போயிற்று, கிண்டியும் கீழே நழுவியது. வலப்புறம் பரங்கிமலை. ஏர்பஸ் ஏ320, வேகம் 137 நாட். "ஃபிஃப்டி... ஃபார்டி..." என்று விமானமே தன் உயரத்தை அடிக்கணக்கில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தது. முப்பது என்று கேட்டதும் மூக்கை ஒரு துளி உயர்த்த வேண்டும். கையை அசைத்த அதே கணத்தில் திரை விக்கியது. அணைந்துபோகவில்லை; ஒரே ஒரு விக்கல். காட்சி மறுபடி ஓடத் தொடங்கியபோது சக்கரங்கள் தரையை அறைந்து முடித்திருந்தன. மேசைமேல் இருந்த காபி டம்ளரில் அலைகூட எழவில்லை. ஆனாலும் எனக்கு முதுகு கூசியது.

137 நாட் என்றால் நொடிக்கு 70 மீட்டர். நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்கும் விமானத்துக்கு முப்பது அடி என்பது இரண்டரை நொடி. அந்த இரண்டரை நொடிக்குள் ஐந்தில் ஒரு நொடி திரை நின்றுபோனால், விமானம் கண்ணுக்குத் தெரியாமல் 14 மீட்டர் ஓடிவிடுகிறது. விமானி அந்த நேரத்தில் மூக்குக்கு முன்னால் உள்ள தரையைப் பார்ப்பதில்லை. ஓடுபாதையின் கடைக்கோடியைப் பார்க்கிறார். தரை மேலெழுந்து வருவதைக் கடைக்கண் சொல்கிறது. அந்தக் கடைக்கண்ணுக்குக் காட்சியின் ஒழுக்கு அறுபடக் கூடாது. கணினியில் விமானம் ஓட்டும் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் அந்த அறுபடலை ஸ்டட்டர் என்பார்கள். எனக்கு விக்கல் என்ற சொல்லே பொருத்தமாகப் படுகிறது: எப்போது வரும் என்று தெரியாது, வரக்கூடாத நேரத்தில்தான் வரும்.

ஏழு வயதான என் பழைய கணினியைக் குறைசொல்ல வெளிப்படையான காரணம் எதுவும் இல்லை. திரையின் மூலையில் தெரியும் எண் 34 என்றது. நொடிக்கு 34 படங்கள். சினிமாவுக்கே 24 போதும். ஆனால் 34 என்பது சராசரி. ஒரு நொடிக்குள் முப்பது படங்கள் அவசரமாக வந்து குவிந்து, அடுத்தது வரத் தாமதித்தாலும் சராசரி அதையேதான் சொல்லும். மிருதங்கக்காரரை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணியா பாராட்டுகிறோம்? காலப்பிரமாணம் நிற்கிறதா என்றுதான் காது கேட்கிறது. துரித காலத்தில் பொரிந்து தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். சௌக்க காலத்தில் ஓர் இழைகூட முன்னே பின்னே போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம். வீட்டு சிமுலேட்டருக்குக் கணினி தேர்ந்தெடுப்பதும் எனக்கு அந்த வகை ரசனையாகத்தான் படுகிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. என் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் சாதாரணத் திரை. கணினி நொடிக்கு 40 படங்களைத் துல்லியமாகக் கொடுத்தாலும், ஒரு படம் ஒரு முறையும் அடுத்தது இரு முறையும் காட்டப்படும். நடை நொண்டும். முப்பதாகக் கட்டிப்போட்டால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை, 33.3 மில்லி நொடிக்கு ஒன்று. நாற்பதைவிட முப்பது வழுக்கிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்க்கும்வரை நானும் நம்பவில்லை. படம் வரும் நேரத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும் திரைகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

தரையிலிருந்தே பறக்கும் இந்த ஆசை கணினியோடு பிறந்ததல்ல. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவரின் மகன் எட்வின் லிங்க். 1929-இல் அவர் அப்பாவின் பட்டறையில் கிடந்த துருத்திகளைக் கொண்டே அசையும் விமானப் பெட்டி ஒன்றைச் செய்தார். பறக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் அதைச் சீண்டவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்கள் வாங்கின. 1934-இல் தபால் சுமந்த ராணுவ விமானங்கள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்த பிறகுதான் அமெரிக்க ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானவர்கள் அதற்குள் உட்கார்ந்து பழகினார்கள். காற்று சீராக வந்தால்தான் ஆர்கன் பாடும். விமானப் பெட்டிக்கும் அதே விதி.

துருத்திக்குப் பதில் எண்களை வைத்தவர் புரூஸ் ஆர்ட்விக். இலினாய் பல்கலைக்கழகத்தில் 1975-இல் அவர் எழுதிய ஆய்வேடே சின்னக் கணினியால் பறத்தலை உடனுக்குடன் வரைந்து காட்ட முடியும் என்பதுதான். ஒரு மெகாஹெர்ட்ஸ் ஆப்பிள் 2 கணினியில் அவர் வெறும் கோடுகளால் ஓர் உலகத்தை வரைந்தார். 1982-இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் கணினிக்கு வந்தது: 4.77 மெகாஹெர்ட்ஸ், விரல்விட்டு எண்ணும் வண்ணங்கள், சிகாகோ ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்டு என்ற குட்டி விமானத்தளம். ஐபிஎம்மைப் பார்த்துச் செய்த நகல் கணினிகள் உண்மையிலேயே அதற்கு ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க அந்தக் காலத்தில் இந்தச் சிமுலேட்டரைத்தான் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கணினியின் மூலைமுடுக்குகளையெல்லாம் பிழிந்து வேலை வாங்கும் நிரல் அது. மெய்க்ஸின் ஓடுபாதையை 2003-இல் சிகாகோ மேயர் ராவோடு ராவாகப் புல்டோசர் விட்டுத் தோண்டவைத்தார். உலகெங்கும் அதில் ஏறி இறங்கியவர்களில் பெரும்பாலோர் சிகாகோவைக் கண்ணால் பார்க்காதவர்கள்.

2006-இல் வந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் ஒரு தனிச் சோகக் கதை. செயலியின் வேகம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. வேகமோ நான்கு கிகாஹெர்ட்ஸ் வாசலில் சூடு தாங்காமல் உட்கார்ந்துவிட்டது. செயலி செய்தவர்கள் ஒரு கோரை வேகமாக்குவதை விட்டுவிட்டு இரண்டு, நான்கு என்று கோர்களை அடுக்க ஆரம்பித்தார்கள். அந்த நிரலுக்கு ஒரு கோர்தான் முக்கியம். ஆகையால் வாங்கிய கணினி எதிலும் அது முழுதாக ஓடாமல் ஆண்டுகள் கழிந்தன. அமைப்புக் கோப்பைத் திறந்து இந்த வரியைச் சேர், அந்த எண்ணை மாற்று என்று பாட்டி வைத்தியக் குறிப்புகள் கைமாறின. நானும் எல்லாக் கஷாயத்தையும் குடித்தேன். சிலது வேலை செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. கல்யாணச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்க, தேங்காய் துருவ, இலை துடைக்க எத்தனை ஆள் வேண்டுமானாலும் போடலாம். சாம்பாரில் உப்புப் போடுவது தலைமைச் சமையல்காரர் ஒருவர்தான். சிமுலேட்டரில் அவருக்கு மெயின் திரெட் என்று பெயர். இறக்கையில் காற்று எப்படிப் படுகிறது, எந்த எஞ்சின் எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது, எந்தத் திரையில் எந்த எண், சுற்றிலும் எத்தனை விமானம் என எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கையைத் தாண்டியே கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். பெரிய விமான நிலையத்தில், பொத்தானுக்குப் பொத்தான் அசலைப் போலவே செய்த பயணிகள் விமானத்தில் உட்கார்ந்தால் அவர் திணறுகிறார். பத்து உதவியாட்களைக் கூடுதலாக அமர்த்தினாலும் பந்தி தாமதமாகத்தான் நடக்கும்.

அவர் கையை வேகப்படுத்த ஒரு வழி, அஞ்சறைப் பெட்டியைப் பெரிதாக்குவது. கடுகு எடுக்க ஒவ்வொரு தடவையும் உக்கிராண அறைக்கு ஓடினால் எண்ணெய் கருகிவிடும். செயலிக்கு உக்கிராண அறை ரேம். அஞ்சறைப் பெட்டி அதன் உடம்புக்குள்ளேயே இருக்கும் கேஷ். எட்டு கோர் ரைசன் செயலி ஒன்றில் பொதுவாக 32 எம்பி எல்3 கேஷ் இருக்கும். 2022-இல் வந்த 5800எக்ஸ்3டியில் ஏஎம்டி இன்னொரு அடுக்கைச் செயலியின் மேலேயே ஒட்டி 96 எம்பி ஆக்கியது. சிமுலேட்டர் ஆட்களுக்குத் தீபாவளி அன்றைக்குத்தான். ஒரு குறை மட்டும் இருந்தது: மேலே ஒட்டிய அடுக்கு போர்வைபோலச் சூட்டை மூடிக்கொண்டது, வேகத்தையும் அடக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் அந்த அடுக்கைக் கோர்களுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். பெட்டி கீழே, அடுப்பு மேலே. இப்படி ஓர் இடமாற்றத்தைப் பார்த்தால் நல்ல ஆசாரி மரச்சட்டத்தைத் திருப்பி வைத்துக் கதவின் கிரீச்சை நிறுத்தியது போல மனம் நிறைகிறது.

அதை வாங்கத்தான் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"பையனுக்கா சார்?"

"எனக்குத்தான் தம்பி."

"என்ன கேம் சார் ஆடுவீங்க?"

"ஃபிளைட் சிமுலேட்டர்."

"அதுல சுட்டுக்கிட்டே போகணுமா?"

"இல்லப்பா. மெட்ராஸ்ல ஏறி மதுரைல இறங்கணும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்."

"அவ்ளோதானா சார்?"

அவ்வளவுதான் என்றேன். பதினாறு கோர் எடுங்கள் என்றார். வேண்டாம், இந்த எட்டு போதும் என்றேன். ரேம் 32 ஜிபி பரிந்துரை, 64 உத்தமம் என்று சிமுலேட்டரின் 2024 பதிப்பை வெளியிட்டவர்களே சொல்கிறார்கள். 64 வாங்கினேன், 32 ஆக இரண்டு துண்டு. நான்கு துண்டாகச் செருகினால் இந்த வகைப் பலகையில் ரேமின் வேகம் இறங்கிவிடும். பையனுக்கு அது தெரிந்திருந்தது, அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

கிராபிக்ஸ் கார்டில் நான் பார்த்தது ஒன்றே ஒன்று, 16 ஜிபி நினைவகம். அது நிரம்பி வழிந்தால் எவ்வளவு பலசாலிக் கார்டும் விக்கும். செயற்கையாக இடைப்படங்களைச் செருகி நூறு, நூற்றிருபது என்று எண்ணிக்கையைக் காட்டும் வித்தையும் அதில் உண்டு. வேட்டியில் போட்ட கஞ்சி மாதிரி, தூரத்துக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கையை அசைப்பதற்கும் விமானம் அசைவதற்கும் நடுவே ஒரு மந்தம் தட்டுகிறது. குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் முறையிலோ உயரமானியில் உருளும் எண்கள் ஈர மையை விரலால் இழுத்தது போலக் கலங்குகின்றன. மேகத்துக்குப் பரவாயில்லை. எண்ணைப் படித்துப் பறக்கிறவனுக்கு ஆகாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தி, மதுரை போய் வந்தேன். நன்றாக இருந்தது; ஆனால் கொடுத்த காசுக்கு ஏற்ற அளவுக்கு இல்லை. மூன்று வாரம் நிரலை, இணையத்தை, காற்றழுத்தத்தை எல்லாம் சந்தேகப்பட்டேன். கடைசியில் பயாஸைத் திறந்து பார்த்தால், 6000 வேகத்துக்கென்று வாங்கிய ரேம் 4800-இல் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்போ என்ற ஒரு வரியைத் தட்டிவிட வேண்டும், பெட்டியோடு வந்த தாளிலேயே அச்சாகியிருந்தது. தாளைப் படிக்காத குற்றம் என்னுடையது. தட்டினேன். அன்றிரவு திரையில் அந்த வழுவழுப்பு வந்தது.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செயலி 120 வாட், கார்டு 300 வாட் என்று கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட ஒரு மிக்சியை நிறுத்தாமல் ஓடவிட்டதற்குச் சமம். மே மாத மெட்ராஸில் அடைத்த அறையில் அது என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மின்வெட்டு வந்தால் விமானத்தைத் தரையிறக்கும் அளவுக்கு யுபிஎஸ் தாங்கும். மின்விசிறி அந்த இணைப்பில் இல்லை.

பிறகு ஒரு மழைநாள் மாலையை அமைத்துக்கொண்டு அதே 25-ஆம் ஓடுபாதைக்கு வந்தேன். படங்களை முப்பதில் கட்டியிருந்தேன். கண்ணாடியில் துளிகள் மேல்நோக்கி ஓடின. கிண்டிக் காட்டின் கருப்பு, அதன் விளிம்பில் சாலை விளக்குகள், பரங்கிமலை. தர்ட்டி என்றது, மூக்கை உயர்த்தினேன். ட்வென்டி என்று சொல்லி, எஞ்சின் விசையைக் குறைக்கச் சொல்லும் "ரிடார்ட்" குரல் வந்தது, குறைத்தேன். விளக்குகளின் இரு வரிசைகளும் மெதுவாகத் தட்டையாகிக் கண்ணின் இரு ஓரங்களுக்கும் விலகிப் போயின. சக்கரம் எப்போது தொட்டது என்று எனக்குத் தெரியவில்லை. இறக்கையின் மேல் தடுப்புப் பலகைகள் விரிந்ததைக் கருவித் திரையில் பார்த்துத்தான் இறங்கிவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன். கணினி என்று ஒன்று மேசைக்குக் கீழே இருப்பது அந்த இரண்டரை நொடியில் என் நினைவிலேயே இல்லை.

போன வாரம் ஒரு கேபிள் வாங்க ரிச்சி தெருப் பக்கம் போனபோது பையன் அடையாளம் கண்டுகொண்டார்.

"மெஷின் எப்படி சார்? எவ்ளோ எஃப்பிஎஸ் வருது?"

"முப்பது."

அவர் முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பழசுலயே முப்பத்தி நாலு வருதுன்னீங்களே சார்?"

"ஆமா தம்பி. நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, மதுரை வரைக்கும் போயிட்டு வரலாம்."

கேபிளுக்கு இருபது ரூபாய் குறைத்துக்கொண்டார்.