கண்ணாவின் பகல்

குழந்தைகளின் படப் புத்தகம் நம் விமர்சனப் பக்கங்களுக்குள் வருவதில்லை. அது நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டதென்றால் நிலைமை இன்னும் மோசம். நோக்கத்தைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஊனத்தைப் பற்றிய புத்தகங்களுக்கு இந்தச் சலுகை தாராளமாகக் கிடைக்கிறது. சலுகை மரியாதை ஆகாது.

'கண்ணா பன்னா' 2015ல் சென்னை தூலிகா பதிப்பகம் வெளியிட்டது. எழுதியவர் ஸாய் விட்டேகர், மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் 1976ல் முதலைப் பண்ணையை நிறுவியவர்களில் ஒருவர். சித்திரங்கள் நிலோஃபர் வாடியா. கண்ணாவுக்குப் பார்வை இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் அதிகம் பேசாதவன். மனசுக்குள் பேச்சு ஓயாதவன். உறவினரோடு குகைக் கோயில் பார்க்கப் போகிறான். உள்ளே விளக்குகள் அணைந்துவிடுகின்றன. மற்றவர்கள் தடுமாற, கண்ணா வழி கண்டு அவர்களை வெளியே கொண்டுவருகிறான்.

அந்த உள்பேச்சுதான் புத்தகத்தின் சாதனை. தலைப்பிலேயே அது கேட்கிறது. அர்த்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஓசையை ஓசைக்காகவே உருட்டிப் பார்க்கும் குழந்தை இவன். இரக்கத்துக்குரிய ஒரு ஜீவனாக அல்லாமல், தனக்கென்று ஒரு பாஷை உள்ளவனாக வருகிறான். நம் கதைகளில் பார்வையற்றவன் ஒன்று பிச்சைக்காரன், இல்லாவிட்டால் ஞானி. இரண்டிலுமிருந்து கண்ணா தப்பித்திருப்பது சின்ன விஷயமில்லை.

எனக்குச் சங்கடம் விளக்கு அணைவதில்தான். அந்த இருட்டு கண்ணாவுக்காகத் தயாரிக்கப்பட்ட இருட்டு. கதையின் குகை எந்த ஊரில் இருந்தால் என்ன, செங்கல்பட்டுப் பக்கத்து வாசகனுக்குக் குகைக் கோயில் என்றால் மாமல்லபுரம்தான். வராக மண்டபமும் மகிஷாசுரமர்த்தினி மண்டபமும் முகப்பு திறந்தவை. ஆழம் குறைவு. தூண்களைத் தாண்டிப் பகல் வெளிச்சம் புடைப்புச் சிற்பங்கள் வரை வந்து விழுகிறது. கரண்ட் போனாலும் அங்கே யாரும் வழி தவற முடியாது. அந்த வெளிச்சத்தில் எல்லோரும் சிற்பத்தைப் பார்த்து வியந்துகொண்டிருக்க, கண்ணா என்ன செய்வான்? அந்தக் கதை எழுதப்படவில்லை. ஆனால் அவன் வாழ்நாளில் பெரும்பகுதி அந்தப் பகல்தான்.

அரசாங்கம் இன்று வழங்கும் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லிலும் இதே தர்க்கம் இருக்கிறது. பழைய சொற்களின் இழிவைத் துடைக்க வந்த சொல் அது. அந்த அளவில் நல்லது. ஆனால் போன ஒன்றுக்குப் பதிலாக வேறொன்றைக் காட்டு என்று அது மறைமுகமாகக் கேட்கிறது. கடன் மனுவைப் பார்த்ததும் ஈடு என்ன என்று கேட்பது என் உத்தியோகம். அதை வங்கி கேட்கலாம், குழந்தைப் புத்தகம் கேட்கக் கூடாது. குகையில் கண்ணா கொடுத்தது ஈடு. அதன் பேரில்தான் அவனுக்கு மதிப்பு வழங்கப்படுகிறது.

கண்ணாவுக்கு வீரனாகும் உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கூடவே வெறுமனே இருக்கும் உரிமையும் உண்டு. பார்வையுள்ள பையன் எத்தனையோ கதைகளில் எதையும் சாதிக்காமல் மாமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை.

வேறு விதமாகச் செய்ய முடியும். வெனிசுவேலாக்காரர்களான மெனேனா கோத்தினும் ரொஸானா ஃபரீயாவும் செய்த 'நிறங்களின் கறுப்புப் புத்தகம்' 2006ல் மெக்சிகோவில் வந்தது. பக்கங்கள் முழுக்கக் கறுப்பு. சித்திரங்களும் கறுப்பிலேயே, விரலுக்குத் தட்டுப்படும்படி மேலெழும்பி நிற்கின்றன. எழுத்தோடு பிரெயிலும் உண்டு. தோமாஸ் என்ற பையனுக்கு நிறங்கள் ருசியாகவும் வாசனையாகவும் ஸ்பரிசமாகவும் ஓசையாகவும் எப்படி இருக்கின்றன என்பதுதான் விஷயம். சம்பவம் எதுவுமில்லை, அவன் யாரையும் காப்பாற்றவில்லை. அந்தப் பக்கங்களில் விரலை வைத்துத் தடுமாறுவது பார்வையுள்ள வாசகன்தான். 'கண்ணா பன்னா'வில் இருட்டு ஒரு சம்பவம். விளக்கு வந்தால் முடிந்துவிடும். இங்கே அது புத்தகத்தின் உருவமே ஆகிவிடுகிறது. மாமல்லபுரத்துப் புடைப்புச் சிற்பம் இத்தனை நூற்றாண்டுகளாக நம் பக்கத்திலேயே இருந்தும், கையால் படிக்கும் சித்திரம் என்ற யோசனை நம் படப் புத்தகக்காரர்களிடம் வேரூன்றவில்லை.

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், 1955 முதல் மத்திய அரசு நடத்திவரும் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்களை 2016ஆம் ஆண்டுச் சட்டம் உரிமைக்குரியோர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மடங்கிய விரலை அறுவை சிகிச்சை நிமிர்த்தலாம். மரத்துப்போன கைக்கு ஸ்பரிசம் பெரும்பாலும் திரும்புவதில்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் காட்டுவதற்கு மாற்றுத் திறன் எதுவுமில்லை. குகையில் விளக்கு அணைந்தால் அவரும் நம்மோடு சேர்ந்துதான் தடுமாறுவார். அவரை ஒரு குழந்தை தன் தாத்தாவாக, காரணம் எதுவும் கேட்காமல், பார்த்துக்கொண்டிருக்கும் படப் புத்தகத்தை யார் செய்யப்போகிறார்கள்? அதைச் செய்கிறவருக்குத்தான் கண்ணாவின் பகலையும் எழுத வரும்.