எழுதப்படாத உத்தரவு

தீர்ப்புகளை இலக்கியவாதிகள் படிப்பதில்லை. வக்கீல்கள் படிப்பது வேறு காரியத்துக்காக. 1966 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கூடி வழங்கிய நரேஷ் ஸ்ரீதர் மிரஜ்கர் தீர்ப்பை ஒரு பிரதியாகவே படித்தேன். அதன் மையத்தில் இருப்பது எவரும் எழுதி வைக்காத ஒரு வாக்கியம்.

பம்பாய் 'பிளிட்ஸ்' ஆசிரியர் கரஞ்சியா மீது தொழிலதிபர் கிருஷ்ணராஜ் தாக்கர்ஸி 3 லட்ச ரூபாய் கேட்டுத் தொடுத்த மானநஷ்ட வழக்கு அது. 1964 அக்டோபரில் கூண்டேறிய ஒரு வியாபாரி, தான் முன்பு சொன்ன சாட்சியம் பேப்பரில் வந்து தொழில் கெட்டது, இனிச் சொல்வது அச்சாகக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நீதிபதி தார்க்குண்டே சம்மதித்தார். உத்தரவை எழுத்தில் தரும்படி கேட்டதற்கு, வாய்ச்சொல்லே போதும், அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றார். கோர்ட் கதவு திறந்தே இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தவன் கேட்கலாம், வெளியே போய் டீக்கடையில் சொல்லலாம். பத்திரிகைக்காரன் மட்டும் எழுதக்கூடாது.

நிருபர்கள் பேச்சுரிமையைச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். எட்டுப் பேர் எதிராக நின்றார்கள். கதவைச் சாத்தி விசாரிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டென்றால் பிரசுரத்தைத் தடுக்கும் அதிகாரமும் உண்டு. நீதிபதி வழக்கில் இடும் உத்தரவு அடிப்படை உரிமையை மீறியதாகாது. தலைமை நீதிபதி கஜேந்திர கட்கரின் தர்க்கத்தின் சாரம் இது. சாத்திய கதவு எல்லோருக்கும் சாத்திய கதவு. திறந்த கதவுக்குப் பின்னால் மசியை மட்டும் தடுப்பது பெரிய அதிகாரத்துக்குள் அடங்கிய சின்ன அதிகாரம் அல்ல, வேறு ஜாதி அதிகாரம். இன்னொன்று: எழுதப்படாத அந்த வாக்கியத்துக்கு ஆயுள் எவ்வளவு? விசாரணை முடியும் வரைதான் என்று பெரும்பான்மை வியாக்கியானம் செய்தது. மூலமே இல்லாத பிரதிக்கு உரை! நம் பண்டிதர்கள்கூட இதற்குத் துணிந்ததில்லை.

ஹிதாயத்துல்லா ஒருவர்தான் மறுத்தார். ஒன்பது பேரில் வசனம் என்று சொல்லத்தக்கதை எழுதியவரும் அவரே என்பது என் அபிப்ராயம். சாட்சியின் வியாபாரம் கெடும் என்பதை ஒப்புக்கொண்டால் நாளைக்கு எந்த வியாபாரிதான் கேட்கமாட்டான்?

தார்க்குண்டே சாமான்யர் அல்ல. எம்.என். ராயின் வழி வந்தவர். 1976ல், எமர்ஜென்ஸியின் நடுவே, ஜெயப்பிரகாஷ் நாராயண் சிவில் உரிமை இயக்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர். வாயடைக்கும் உத்தரவைப் போட கொடுங்கோலன் தேவையில்லை. இரக்கமுள்ள மனிதர், ஒரு மதிய வேளை, எதிரே கையைப் பிசைந்து நிற்கும் சாட்சி: இவ்வளவு போதும்.

2012ல் சகாரா வழக்கில் ஐந்து நீதிபதிகள், அவசியம் இருந்தால் மட்டும், குறுகிய காலத்துக்குப் பிரசுரத்தைத் தள்ளிவைக்கலாம் என்றார்கள். 2024ல் புளூம்பெர்க் வழக்கில், விசாரணைக்கு முன்பே விதிக்கும் தடை பிரசுரத்துக்கு மரண தண்டனை போன்றது என்று எச்சரித்தார்கள். மிரஜ்கரை யாரும் தூக்கி எறியவில்லை. இதற்கிடையில் பெங்களூர் சிவில் கோர்ட் 2019ல் ஒரு வேட்பாளருக்காக 49 ஊடகங்களின் வாயைக் கட்டியது; ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. 2021ல் ஆறு மந்திரிகளுக்காக மறுபடியும், அறுபதுக்கு மேற்பட்டவை.

பெங்களூர் சங்கதி சாமல்பட்டிக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இங்கே கல்குவாரியில் வெடி வைத்தால் ஸ்டேஷன் பெஞ்சுவரை அதிரும். என் நண்பர் வீட்டுச் சுவர் இரண்டாகப் பிளந்தது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். மூன்று வருஷம் அலைந்தபின் ராஜி. எதிர்த்தரப்பு வக்கீல் தயாரித்த ராஜி மனுவில் கடைசி ஷரத்து: வழக்கின் விஷயம் குறித்து வாதி எங்கும் பேசவோ எழுதவோ கூடாது. கோர்ட் அதைப் பதிவு செய்து டிக்ரி கொடுத்தது. அதுவரை இரு தரப்பின் ஒப்பந்தமாக இருந்த மௌனம் அன்றிலிருந்து கோர்ட்டின் உத்தரவு. யாரும் அவரை வற்புறுத்தவில்லை என்பார்கள். பெண் கல்யாணம் வற்புறுத்தியது.

அவர் எழுத்தாளர் என்பது எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருக்காது. விரிசலுக்குள் எறும்பு குடிவருவதைப் பற்றி ஆறு பக்கக் கதை ஒன்று எழுதி நமக்குக் கொடுத்திருந்தார். குவாரி என்ற சொல்கூட அதில் கிடையாது. எறும்பு 'வழக்கின் விஷயம்' ஆகுமா என்று சட்டம் தெரிந்த இருவரைக் கேட்டோம். ஒருவர் ஆகாது என்றார், இன்னொருவர் சிரித்தார். நண்பர் சைக்கிளில் வந்து கதையை வாங்கிக்கொண்டு போனார். மிரஜ்கருக்குக் கேட்பதற்காவது ஒரு உத்தரவு இருந்தது, எழுதப்படாவிட்டாலும். இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்த ஆறு பக்கத்துக்கு ஒதுக்கிய இடத்தில்தான் இக்கட்டுரை வருகிறது.