ஐம்பது சத யானையும் ஒன்பது சதக் கொழுந்தும்

முத்திரை சேகரிப்பது சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. செல்வர்களின் பொழுதுபோக்கு என்று கண்டிப்போரும் உண்டு. இருசாராரும் முத்திரையைப் பார்த்தார்களேயன்றிப் படித்தார்களில்லை. தன்னைப்பற்றி உலகம் எதை நம்பவேண்டுமென்று ஓர் அரசு விரும்புகிறதோ, அதைச் சிறு காகிதத்தில் பொறித்து அனுப்பும் சாசனமே முத்திரை. நுகேகொடையிலோ வெள்ளவத்தையிலோ காட்டுவிலங்கு, பண்டிகை என வகைபிரித்து ஒட்டிவைக்கும் மாணவன், தான் அறியாமலே வரலாற்று ஆவணங்களைத் திரட்டுகிறான்.

1857இல் வெளிவந்த இலங்கையின் முதல் முத்திரையில் விக்டோரியா மகாராணியின் தலை மட்டுமே இருந்தது. 1935இல் தொடங்கிய வரிசையில் மன்னர் ஒதுங்கி நாட்டுக் காட்சிகளுக்கு இடம்விட்டார். இறப்பர் பால்வெட்டு 2 சதம். தேயிலைக் கொழுந்து பறித்தல் 9 சதம். காட்டு யானைகள் 50 சதம். இவை தபால் கட்டணங்களேயன்றி உயிர்களின் மதிப்பல்ல என்பது உண்மையே. ஆயினும், யானையை அழகுப்பொருளாக்கிய இதே ஆட்சிதான் முந்திய நூற்றாண்டில் யானையைக் கொன்றவர்களுக்கு வெகுமதி வழங்கியது. மேஜர் றொஜர்ஸ் என்ற ஒருவரே 1,400 யானைகளுக்குமேல் சுட்டார் என்பர். காடழிந்த மலைகளில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் எழுந்தன. அங்கே கொழுந்து பறித்தவளின் உருவம் கடல் கடந்து சென்றது. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. முத்திரையில் இடம்பெற்றவளுக்கு நாட்டில் இடமில்லை!

பண்டிகை முத்திரைகளும் பேசாமலில்லை. வெசாக் காலத்திற் பூப்பதால் அப்பெயர் பெற்ற ஓர்க்கிட் மலரைத் தாங்கி, 1952இல் 35 சத முத்திரை ஒன்று வெளிவந்தது. அதன் தமிழ் வாசகத்தில் ஓர் எழுத்துக்குப் புள்ளியில்லை. 1954இல் அப்புள்ளி இடப்பட்டது. சேகரிப்போர் இரண்டையும் வெவ்வேறு வகைகளாகத் தேடி எடுக்கின்றனர். பிழையைத் திருத்த அரசுக்கு முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால், புள்ளியைத் திருத்திய இரண்டே ஆண்டுகளில், 1956இல், தனிச்சிங்களச் சட்டம் அம்மொழி முழுவதையுமே ஆட்சிப்பீடத்துக்கு வெளியே நிறுத்தியது. தமிழ் மாணவன் அம்முத்திரையைக் கையிலெடுக்கும்போது மலரோடு இந்த வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

1970இல் வனவிலங்குப் பாதுகாப்பை வலியுறுத்தி எருமை, தேவாங்கு, புள்ளிமான், சிறுத்தை ஆகியவற்றின் முத்திரைகள் வந்தன. நோக்கம் நன்று, ஓவியமும் நன்று. ஆனால் விலங்கு அங்கே தனித்து நிற்கிறது. அதன் காட்டைத் தின்றது எது, அதன் அயலிலே வாழும் ஏழை உழவன் யார் என்ற வினாக்களுக்குச் சட்டத்தினுள் இடமில்லை. அண்மை ஆண்டுகளில் இந்நாட்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகள் மடிகின்றன. உழவர்களும் யானையால் உயிரிழக்கின்றனர். இவ்விருவரையும் ஒரே காட்டின் விளிம்பில் மோதவிட்ட நிலக்கொள்கையை எந்த முத்திரையும் வரைந்து காட்டாது.

ஆகையால் முத்திரை ஏட்டை மூடவேண்டியதில்லை. அதை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முத்திரையின் கீழும் அதன் ஆண்டையும் விலையையும் குறிக்கும் மாணவன், அதே ஆண்டில் அப்படத்திலுள்ள உயிருக்கு நேர்ந்ததையும் ஒரு வரி எழுதட்டும். ஆசிரியர்கள் இதைத் தொடங்கி வைப்பார்களா?