முப்பது பீஸை அளந்து பத்து லட்சத்துக்குக் கணக்கு

சில வருஷங்களுக்கு முன் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்குத் தரக்கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். முப்பது பீஸின் அளவுகளைக் கொடுத்தால் சராசரி, திட்டவிலக்கம், சிபிகே எல்லாம் போட்டு, கடைசி வரியில் "பத்து லட்சத்துக்கு இத்தனை பழுது" என்று ஓர் எண் வரும். எல்லோருக்கும் பிடித்தது அந்தக் கடைசி வரிதான். அதைப் பார்த்துத்தான் ஒரு பாகத்துக்கு, ஒவ்வொரு பீஸையும் சோதிப்பதை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் அசெம்பிளியில் பொருந்தாத பீஸ்கள் திரும்பி வர ஆரம்பித்தன. பழி மெஷின் ஆபரேட்டர் மேல் விழுந்தது. தப்பு என் கடைசி வரியில் இருந்தது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

அந்தப் பாகத்தில் அளந்தது, துளையின் மையம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்பதை. கணக்குக்கு வசதியாக எண்களை மாற்றிச் சொல்கிறேன். மெஷின் குறுக்கே ஒரு பிழை செய்கிறது, நெடுக்கே ஒரு பிழை செய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சாராத இயல்நிலைப் பரவல். சராசரி பூஜ்யம், திட்டவிலக்கம் 10 மைக்ரான். ஆனால் நாம் அளப்பது இரண்டும் சேர்ந்த தூரம். அது இயல்நிலைப் பரவலில் வராது, ராலே பரவலில் வரும். அதன் சராசரி சுமார் 12.5 மைக்ரான், திட்டவிலக்கம் சுமார் 6.55.

அனுமதித்த எல்லை 40 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். சிபிகே 1.40 வரும். வழக்கமாகக் கேட்கும் 1.33-ஐத் தாண்டியாச்சு, பாஸ். இயல்நிலைப் பரவல் என்று நம்பினால் எல்லையைத் தாண்டுவது பத்து லட்சத்துக்கு 14 பீஸ். ராலே பரவல்படி 335. ஏறக்குறைய 24 மடங்கு. லட்சம் பீஸ் அனுப்பினால் ஒன்றோ இரண்டோ பழுது என்று நினைத்திருப்போம், போய்ச் சேருவது 33.

இன்னொரு வேடிக்கை. அதே இயல்நிலைக் கணக்கு, ஆயிரம் பீஸில் 28 பீஸுக்கு மைனஸ் தூரம் என்கிறது. தூரம் எங்காவது மைனஸில் வருமா? இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் போதும்.

இது என் ஒருவனின் அசட்டை மட்டும் இல்லை. 1980களில் மோட்டோரோலாவில் உருவான சிக்ஸ் சிக்மாவின் புகழ்பெற்ற எண்ணைப் பாருங்கள்: பத்து லட்சத்துக்கு 3.4. உண்மையில் 6 சிக்மாவுக்கு வெளியே இயல்நிலைப் பரவலில் இருப்பது, இரண்டு பக்கமும் சேர்த்து, நூறு கோடிக்கு 2 மட்டுமே. காலப்போக்கில் சராசரி 1.5 சிக்மா நகரும் என்று வைத்து, 4.5 சிக்மாவுக்கு வெளியே ஒரு பக்கத்து வாலை எடுத்தால்தான் 3.4 வரும். சராசரி நகரும் என்பது சரிதான். ஆனால் கடைசல் மெஷினுக்கும் பால் பாக்கெட் நிரப்பும் மெஷினுக்கும் ஒரே 1.5 எப்படிப் பொருந்தும்? அளவெடுப்பதை ஒரு பழக்கமாக்கியது சிக்ஸ் சிக்மா செய்த நல்ல காரியம், அதை மறுக்கவில்லை. என் குறை அந்தத் தசமப் புள்ளி தரும் பொய்த் தைரியத்தின் மேல்தான்.

3.4-ஐ நேரடியாக எண்ணிச் சரிபார்க்க வேண்டுமென்றால்? ஒரு பழுதுகூட இல்லாமல் n பீஸ் பார்த்தால், 95 சதவீத நம்பிக்கையோடு, பழுது விகிதம் 3/n-க்குக் கீழே என்று சொல்லலாம். அப்படியானால் பழுதே இல்லாமல் சுமார் 8.8 லட்சம் பீஸ் பார்க்க வேண்டும். முப்பது பீஸில் பழுது இல்லை என்றால் சொல்ல முடிந்தது, பழுது 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்பது மட்டுமே. மீதியெல்லாம் நாம் வரைந்த வளைகோடு சொல்வது, மெஷின் சொல்வது இல்லை.

1924-இல் கன்ட்ரோல் சார்ட்டை முன்வைத்த வால்டர் ஷூவர்ட் இந்த விஷயத்தில் அடக்கமாகவே இருந்தார். அவருடைய 3 சிக்மா கோடு பழுதை எண்ணுவதற்கு இல்லை. எப்போது மெஷினை நிறுத்திக் காரணம் தேடலாம், எப்போது சும்மா விடலாம் என்று முடிவெடுக்க, செலவை யோசித்துப் போட்ட கோடு.

பரவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராலே பரவலும் ஒரு பரவல்தான். அது முப்பது பீஸைப் பார்த்துக் கிடைத்ததில்லை, துளை எப்படித் தப்புகிறது என்று யோசித்ததில் கிடைத்தது. வால் எப்படியிருக்கும் என்று முப்பது பீஸ் காட்டாது. பாகத்தின் வடிவமும் மெஷினின் போக்கும்தான் காட்டும்.

இப்போது நான் எழுதும் மென்பொருளில் அந்தக் கடைசி வரி தானாக வராது. எதை அளக்கிறீர்கள், அது பூஜ்யத்துக்குக் கீழே போகுமா என்று முதலில் கேட்கும். சிலருக்கு அது எரிச்சல்தான். பரவாயில்லை, ஆபரேட்டர் திட்டு வாங்குவதற்கு இது மேல்.