வறுமையும் ஓங்கிய கையும்

நம்மவர் நாடக மேடைகளிலும் சிறுகதைகளிலும் பலமுறை கண்டு பழகிப்போன காட்சியொன்று உண்டு. சம்பள நாள். இருட்டிய பின் கணவன் தள்ளாடி வருகிறான். மடியில் காசில்லை, வீட்டு அடுப்பில் நெருப்பில்லை. மனைவி ஒரு வார்த்தை கேட்கிறாள். அவன் கை ஓங்குகிறது. பிள்ளைகள் அலறுகின்றன. கடைசிக் காட்சியில் அவன் மனந்திருந்தி அழ, அவள் தன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவனை மன்னிக்கிறாள். திரை விழுகிறது, கைதட்டல் எழுகிறது. ஆசிரியர் உணர்த்த விரும்பும் நீதி யாதெனில், வறுமையே குற்றவாளி, அவன் நிரபராதி என்பதாகும்.

இந்நீதி சரிதானா என்று ஆராய்வது நம் கடமை. ஜெராய் மலையடிவாரத்தில் யானிலும் குரூணிலும் பீடோங்கிலும் வாழும் தமிழர்க்கு இது தூரத்துக் கதையன்று.

வறுமை கொடியது என்பதை மறுப்பார் யார்? 1930ஆம் ஆண்டு ரப்பர் விலை வீழ்ந்தபோது, மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளரின் நிர்ணயக் கூலி ஆணுக்கு 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணுக்கு 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது. ஆனால் அன்பர்களே, அக்கணக்கை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். வறுமைதான் கையை ஓங்கச் செய்வதென்றால், 32 காசு பெற்றவளின் கையல்லவா முதலில் ஓங்கியிருக்க வேண்டும்? அவளும் விடியுமுன் எழுந்தாள். அவளும் பால் வெட்டினாள். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றாள். திரும்பி வந்து சோறும் ஆக்கினாள். அவன் ஏழையென்றால் அவள் அவனினும் ஏழை. எனினும் அவள் அடிக்கவில்லை, அடிபட்டாள்.

இன்னொன்றையும் நோக்குக. காலைப் பிரட்டில் கங்காணியின் வசைமொழியைக் கேட்டவன் அங்கே தலைகுனிந்து நின்றான். கிராணி கூலியைப் பிடித்தபோதும் வாய் திறவாது திரும்பினான். அவனுக்குக் கோபத்தை அடக்கத் தெரியாது என்று எவ்வாறு சொல்வது? நன்றாகத் தெரியும். எவரிடம் அடக்க வேண்டும், எவரிடம் அவிழ்த்துவிடலாம் என்பதும் தெரியும். அந்த அறிவை அவனுக்குக் கொடுத்தது வறுமையன்று. மனைவி என்பவள் கணவனின் உடைமை, அவளைத் தண்டிப்பது அவனது உரிமை என்று தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கமே அதைக் கொடுத்தது.

இலக்கியத்தின் பக்கம் திரும்புவோம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும், நல்குரவுக்கு ஓர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். குடித்தவனைக் கண்டு தாயின் முகமும் சுளிக்கும் என்கிறார். ஊரார் நகைப்பர் என்கிறார். நாணத்தையே ஒரு நல்ல பெண்ணாக உருவகித்து, அவள் முதுகைத் திருப்பிக்கொள்வாள் என்கிறார். நல்குரவிலோ, பெற்ற தாயும் அயலானைப்போல் நோக்குவாள் என்கிறார். இவ்விரண்டு அதிகாரங்களின் இருபது குறள்களிலும் குடிகாரனின் மனைவி வரவில்லை. வறியவனின் மனைவியும் வரவில்லை. வள்ளுவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அடியை வாங்குகிறவளின் முகத்தைப் பாராமலே குடியையும் வறுமையையும் பேசும் பழக்கம் நம்மிடையே எவ்வளவு பழமையானது என்பதைச் சுட்டவே இதனைச் சொன்னோம்.

இதற்கு மறுதலையான சான்றும் நம் இலக்கியத்திலேயே உண்டு. புறநானூற்றுப் பெருஞ்சித்திரனாரினும் வறியவர் யார்? அவர் வீட்டில் குழந்தை பசியால் அழுதது. மனைவி அதற்கு வேடிக்கை காட்டித் தேற்ற முயன்று வருந்தினாள். அத்தகைய புலவர் குமணனிடம் பரிசில் பெற்று வந்ததும் என் செய்தார்? பொருளை மனைவியிடம் ஒப்படைத்து, தம்மைக் கலந்துகொள்ளாமலே எல்லோர்க்கும் வழங்கும்படி கூறினார். பட்டினி கிடந்த அதே வீட்டில் மனைவிக்கு மதிப்பும் இருந்தது. ஆகவே வறுமை வந்தால் மதிப்பு ஓடிப்போகும் என்பது இயற்கை விதியன்று.

புதுமைப்பித்தன் இதனை வேறு வகையில் கண்டவர். 1934இல் எழுதிய பொன்னகரத்தில், ஆலையில் உழைக்கும் அம்மாளு, குடித்துவிட்டு வண்டியோட்டி அடிபட்டுக் கிடக்கும் கணவனைக் காப்பாற்றத் தன் உடலையே விலையாக்க நேர்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட துன்பக் கேணியில் மருதியின் கதியும் அதுபோன்றதே. குடித்தது யாரேனும் ஆகுக, கூலியைக் குறைத்தது யாரேனும் ஆகுக, கடைசியில் கணக்கைத் தீர்ப்பது பெண்ணின் உடல் என்பதை அவர் கண்டார். நம் மேடை ஆசிரியர்களோ அவ்விடத்தில் பாட்டொன்றைச் சேர்த்துத் திரையை இறக்கிவிடுகின்றனர்.

நிற்க. கெடாத் தொழிலாளர்கள் இதனை ஒருமுறை ஓரளவு உணர்ந்தனர். 1946இல் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்தில் பெற்ற கூலி கள்ளுக்கடை வழியே கரைந்துபோவதைக் கண்டு, அக்கடைகளை மூடும்படி மறியல் செய்தனர். பெண்களும் அக்கிளர்ச்சியில் பங்கு கொண்டனர். 1947இன் முற்பகுதியில் காவற்படையோடு நேர்ந்த மோதல்களில் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. கள்ளை எதிர்ப்பது அடுப்பைக் காப்பது என்று அறிந்த அவர்கள் போற்றுதற்குரியவர். எனினும் கள்ளுக்கடைகள் மறைந்த பின் சம்சு வந்தது, அடியும் நின்றபாடில்லை.

கள்ளுக்கும் அடிக்கும் உள்ள உறவு பொய்யன்று. 2019 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கணவன் அடிக்கடி குடித்து மயங்கும் வீடுகளில் மனைவியரில் நூற்றுக்கு 70 பேர் வன்முறைக்கு ஆளாயினர். ஆனால் குடியாத கணவர் வீடுகளிலும் நூற்றுக்கு 23 பேர் ஆளாயினரே! அவர்களை அடித்தது எந்தக் கள்? மேலும் அதே கணக்கில் வறிய பீகாரில் நூற்றுக்கு 40 என்றால், வளமிக்க கர்நாடகத்தில் 44. தொழில்வளம் பெருகிய தமிழ்நாட்டில் 38. வறிய வீடுகளில் அடி மிகுதி என்பதும் மெய். வறுமை மட்டும் காரணமன்று என்பதும் மெய்.

அங்ஙனமாயின் வறுமை செய்வது யாது? அவன் கையை ஓங்கச் செய்வதைக் காட்டிலும், அது அவள் காலைக் கட்டுகிறது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலையோடு வந்தது, வேலையோடு போவது. பிறந்த வீடு கடலுக்கு அப்பால். அவள் கூலியும் அவன் கையில் சேர்ந்துவிட்டால், பஸ் கட்டணத்துக்கும் அவளிடம் காசில்லை. செல்வன் வீட்டு மனைவி அடிபட்டால் போவதற்கு இடமேனும் இருக்கலாம். ஏழையின் மனைவிக்கு அடுத்த வீட்டுத் திண்ணைதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறிய பின்னரும் இந்த வாசற்கதவு எல்லோர்க்கும் திறந்துவிடவில்லை. வறுமையைப் பற்றி எழுதுவோர் எழுத வேண்டிய இடம் இதுவே.

சட்டம் மெல்ல வந்து சேர்ந்தது. மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. மதபேதமின்றி யாவர்க்கும் பொருந்துவது. 2017இன் திருத்தத்தால், சமூகநல அதிகாரியே ஏழு நாட்களுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு வழங்க வழியுண்டாயிற்று. அடிப்பது குடும்ப விஷயம் என்ற பழமொழிக்குச் சட்டம் விடை சொல்லிவிட்டது. நம் கதைகள் இன்னும் சொல்லவில்லை.

எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வறுமையை எழுதுங்கள்; அது நம் வரலாறு. குடியை எழுதுங்கள், அது நம் காயம். ஆனால் அடுத்த முறை அவன் கையை ஓங்கும்போது, வசனத்தை அவனுக்கே கொடுத்துவிடாதீர்கள். அவளைப் பேசவிடுங்கள். கடைசிக் காட்சியில் அவள் மன்னித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டா. வாசகர்களுக்கும் ஒன்று. பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால், பாவம், கஷ்டப்பட்ட மனிதன் என்று கூறிக் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். அச்சுவரின் மறுபுறம் கஷ்டப்படும் மனிதர் இருவர். அவர்களில் ஒருவர்மீது அடி விழுந்துகொண்டிருக்கிறது.